என் மனுசனின் காதும் ஏவுகணைச் சட்டமூலமும்

யாழ்ப்பாணத்தில் ஷெல் அடித்த காலத்தில், ஒரு வீட்டில் ஒருவர் காது கொடுத்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் நித்திரை கொள்ளலாம். எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் என் மனுசனுடையது. ஆள் பெரிய வடிவுமில்லை, பெரிய கெட்டித்தனமுமில்லை. கலியாணம் பேசி வந்தபோது எனக்கு அரை மனதுதான். ஆனால் காதை மட்டும் கடவுள் அவருக்கு அளந்து பார்க்காமல் கொடுத்திருந்தார். தூரத்து முகாமிலிருந்து ஷெல் கிளம்பும்போது 'டும்' என்று மெல்லிய சத்தம் ஒன்று வரும். அதைக் குத்திற சத்தம் என்போம். எங்கள் காதில் அது விழுவதற்கு முன்னே இவர் "குத்திட்டான்" என்று சொல்லிவிடுவார். கிளம்புவதற்கும் விழுவதற்கும் இடையில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நாங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் பங்கருக்குள் இறங்கி, வாயைத் திறந்துகொண்டு குந்தியிருப்போம். வாய் திறந்திருந்தால் அதிர்ச்சிக்குக் காது வெடிக்காது என்பது அந்தக் காலத்துப் பாடம். அப்படித்தான் உயிரோடு லண்டன் வந்து சேர்ந்தோம்.

அந்தக் காதுதான் இப்போது போய்விட்டது.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் டெலிபோன் அடிப்பது கேட்காமல் போனது, பிறகு கேற்றில் மணி. நான் அடுப்படியிலிருந்து தேத்தண்ணி வேணுமா என்று கேட்டால் முன்னறையிலிருந்து "ஓம், நாளைக்குத்தான்" என்று பதில் வரும். காது கேட்கவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டார். டாக்டரிடம் போகலாம் என்றால், நீர் வாய்க்குள்ள கதைக்கிறீர் என்று பழியை என் தலையில் போடுவார். நான் வாய்க்குள் கதைக்கிற ஆளா என்று நாங்கள் இருக்கிற ஸ்ட்ரெதம் பகுதி முழுக்க விசாரித்துப் பார்க்கலாம்.

செவிடரென்றாலும் மனுசன் சுழியன். சேர்ச்சில் பூசைக்குப் போனால் முன்வாங்கில் இருக்கமாட்டார், கடைசிக்கு முன் வாங்குதான். முன்னால் இருப்பவர்கள் எழும்பினால் எழும்புவார், இருந்தால் இருப்பார், முழங்காலில் நின்றால் நிற்பார். சுவாமியார் என்ன சொல்கிறார் என்று தெரியாமலே ஒரு பிழையுமில்லாமல் முழுப் பூசையும் காண்பார். கடைக்குப் போனால் நான் அவருடைய வலப்பக்கம் நடப்பேன், அந்தக் காதில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கிட்ட நின்று கதைத்தால் விழும், கீச்சென்ற சத்தம் மட்டும் எட்டாது. ஆரும் ஏதும் கேட்டால் நான் அதையே திரும்பக் கேட்பதுபோல உரத்துச் சொல்லிக்கொடுப்பேன். இப்படி இரண்டு பேருமாய்ச் சேர்ந்து ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தோம்.

மகளை ஏமாற்ற முடியவில்லை. அவள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், கவுன்சிலில் வேலை. அவளுடைய சின்னவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவது இவருடைய வேலை. வேலையென்று சொன்னால் போதாது. பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் நின்று ஓய்வு பெற்ற பிறகு அந்த மனுசனுக்கென்று ஒரு நாளில் இருந்தது அது ஒன்றுதான். மத்தியானம் சாப்பிட்ட கையோடு சப்பாத்தைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். பேத்தியும் அம்மப்பா தவிர வேறு ஆர் வந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

ஒருநாள் இரண்டு பேரும் தெருவைக் கடக்கும்போது, சாப்பாடு கொண்டுபோகிற மோட்டார்சைக்கிள்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறான். இவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. பேத்திதான் இவருடைய கையைப் பின்னால் இழுத்திருக்கிறாள். பள்ளிக்கூட வாசலில் நின்ற தாயொருத்தி அதைக் கண்டு மகளிடம் சொல்லிவிட்டாள். அன்று பின்னேரமே மகள் வந்தாள். அப்பா காதைச் சோதித்துக்கொள்ள வேணும், இல்லாவிட்டால் பிள்ளையை ஆஃப்டர் ஸ்கூல் கிளப்பில் விடப்போறன் என்று சொன்னாள். இவர் சிரித்துக்கொண்டு, எனக்குக் காது பாம்புக்காது, ஹோர்ன் அடிச்சவன்தான் மெல்ல அடிச்சவன் என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். சரி, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த நாட்களில்தான் பாராளுமன்றத்தில் அந்தச் சட்டமூலம் வந்தது. நெடுந்தூரத்திலிருந்து வரக்கூடிய ஏவுகணைகளிலிருந்து நாட்டைக் காப்பது பற்றியது. எங்கே ராடர் வைப்பது, வருவதை எப்படி நடுவழியில் அடிப்பது, காசு எங்கிருந்து எடுப்பது, சனத்துக்கு எப்படி எச்சரிக்கை கொடுப்பது என்று பெரிய சட்டம். நான் செய்தியில் தலைப்பைக் கேட்டதோடு சனலை மாற்றிவிட்டேன். இவர் மாற்றவிடவில்லை. பாராளுமன்ற விவாதத்தை நேரடியாகக் காட்டுகிற சனலைப் போட்டு, கீழே எழுத்து ஓடவிட்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். இரண்டாம் வாசிப்பு முடிந்து, வரி வரியாய் அலசுகிற குழுநிலைக்குப் போன பிறகும் விடவில்லை. அரைவாசி உறுப்பினர்களே அந்த நேரம் கன்ரீனில் இருந்திருப்பார்கள்.

எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சொந்த வீட்டில், கம்பளம் விரித்த முன்னறையில், ஷெல்லைப் பற்றித் திரும்பவும் கதை கேட்பதற்கா கடல் கடந்து வந்தோம்? ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன், இது எங்கேயிருந்து வரும் என்று. அவர் ஒரு கையைத் தூக்கி, இன்னொரு நாட்டிலிருந்து கிளம்பி ஆகாயத்துக்கும் அப்பால் போய், பிறகு திரும்பி விழும் என்று காட்டினார்.

"அப்ப குத்திற சத்தம்?" என்று கேட்டேன்.

"அது அந்த நாட்டுக்காரருக்குத்தான் கேக்கும்" என்றார்.

அன்று முழுக்க அந்தக் கதையையே நினைத்துக்கொண்டு கறிக்கு இரண்டுதரம் உப்புப் போட்டேன். எனக்குப் பயம், அதை ஏன் மறைக்க வேணும். எவனோ சண்டை பிடிக்க எவனோ சாவது எனக்குப் புதிதில்லை. ஆனால் முந்தி நான் பயப்பட்டாலும் நித்திரை கொண்டேன், ஏனென்றால் பக்கத்தில் ஒரு காது முழித்திருந்தது. இப்போது பக்கத்தில் இருப்பது கேற்று மணி கேட்காத மனுசன். வருவதோ சத்தமில்லாமல் கிளம்புகிற சாமான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலியர்ஸ் வுட் பக்கம் எங்களுக்குத் தமிழ்ப் பூசை உண்டு. பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும் பற்றிஸும் இருக்கும். அந்த முறை அந்தப் பகுதி எம்.பி. வந்து சட்டமூலத்தைப் பற்றி விளக்குவார் என்று சுவாமியார் அறிவித்தார். எங்கள் சனம் சும்மாவே ஏவுகணை என்ற சொல்லுக்கு ஆளையாள் பார்க்கிற சனம், ஆகையால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. எம்.பி. ஒரு இளம் பெண். ஆங்கிலம் அவ்வளவு பிடிபடாத ஆட்களுக்காக எங்கள் மகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னாள். பிள்ளை யாழ்ப்பாணத்தைக் கண்டதில்லை, ஆனாலும் அழகாய்ச் சொன்னாள். இவர் பின்பக்கமாய், தூணோரம் ஒரு கதிரையில் பேத்தியோடு இருந்தார். நான் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு மேசைக்கும் கதிரைக்குமாய் ஓடித்திரிந்தேன்.

எம்.பி. படம் போட்டுக் காட்டினார். வடக்கே ராடர், கடலில் கப்பல், மேலே செய்மதி. பிறகு எச்சரிக்கை பற்றிய பிரிவுக்கு வந்தார். ஆபத்து என்றால் எல்லாருடைய போனிலும் இப்படியொரு சத்தம் வரும், இப்போது போட்டுக் காட்டுகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மகள் அதைத் தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள், எம்.பி.யோடு வந்திருந்தவர் தன் கொம்பியூட்டரில் பட்டனைத் தட்டிவிட்டார். முதல்நாள் அந்த மண்டபத்தில் ஆருடையதோ பிறந்தநாள் பார்ட்டி. ஸ்பீக்கரின் சத்தத்தை ஒருவரும் குறைத்து வைத்திருக்கவில்லை.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது. மண்டபமே கீச்சிட்டு ஊளையிட்டது.

அடுத்து எனக்குத் தெரிந்தபோது நான் மேசைக்குக் கீழே இருந்தேன், வாயைத் திறந்துகொண்டு. கையில் பாதிப் பற்றிஸ். பக்கத்தில், எங்கள் பூசைக்கு வருகிற மன்னார் ரீச்சர், காஞ்சிபுரம் சீலையோடு குப்புறக் கிடந்தா. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எங்கள் சனம் அத்தனையும் நிலத்தில். சிலர் சுவரோரம் சுருண்டிருந்தார்கள், ஒரு அண்ணை தன் மனுசியின் தலையைப் பிடித்து அமத்திக்கொண்டிருந்தார். இங்கே பிறந்த பிள்ளைகள் மட்டும் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுந்து படு என்று ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. உடம்பு தன்பாட்டில் இறங்கிவிட்டது.

மேசைக்கீழே இருந்து இவரைத் தேடினேன். முதலில் அவர் கதிரையில் நேராக இருந்து பேத்திக்கு ரோல்ஸ் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். மண்டபத்தில் எல்லாரும் கீழே. ஒரு கணம் அங்கும் இங்கும் பார்த்தார். பார்த்துவிட்டு, மெல்லக் கதிரையைத் தள்ளி, முழங்காலில் நின்று, நெற்றியில் சிலுவை போட்டு, கையைக் குவித்துக் கண்ணை மூடிக்கொண்டார். சுவாமியார் செபம் தொடங்கிவிட்டார் என்று நினைத்திருக்கிறார்.

சத்தம் நின்றது. சனம் ஒவ்வொருவராய் எழும்பி, சீலையைத் தட்டி, வெட்கத்தில் சிரித்தது. இவர் இன்னும் செபத்தில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தவர், எல்லாரும் எழும்பி நின்று தன்னையே பார்ப்பதைக் கண்டார். தான் பிந்திவிட்டதாக எண்ணி அவசரமாய் எழும்பினார்.

"ஆமென்" என்று உரத்துச் சொன்னார்.

சிலர் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வெளிறிப்போன முகத்தோடு எம்.பி. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவருக்கு ஒன்றுமில்லையே என்று மகளிடம் விசாரித்தார். மகள் பதில் சொன்னபோது மைக் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. அதுவும் ஆங்கிலத்தில் சொல்லாமல் தமிழில் சொல்லிவிட்டாள்.

"அப்பாவுக்குக் காது கேக்கேல்லை."

மண்டபம் முழுக்கக் கேட்டது, ஒரு ஆளைத் தவிர. ஆனால் அவர் சனத்தின் முகங்களை வாசித்தார். மனுசன் பூசையை வாசித்த கண்ணல்லவா, அதையும் வாசித்துவிட்டது. மெல்ல வந்து என் கோட்டை எடுத்து என்னிடம் தந்தார்.

திங்கட்கிழமையிலிருந்து பேத்தி கிளப்புக்குப் போனாள். மகள் கோபமாய்ச் சொல்லவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னாள். அந்த வாரம் முழுக்க மத்தியானம் சாப்பிட்ட கையோடு இவர் சப்பாத்தை எடுத்துத் துடைப்பார். துடைத்து மாட்டுவார். பிறகு கழற்றி வைப்பார். டாக்டரிடம் போனால் பிள்ளை திரும்ப வருவாளே, ஒரு சின்னச் சாமானைக் காதில் கொளுவ ஏன் இந்தப் பிடிவாதம் என்று நான் கத்தினேன். அவருக்குக் கேட்க வேண்டுமென்று மட்டும் கத்தவில்லை, எனக்குக் கோபமும் வந்தது. பிள்ளையை விட இந்த மனுசனுக்கு மானம் பெரிதாய்ப் போய்விட்டதே என்று.

அவர் டீவியை நிறுத்தினார். என்னைத் தன் வலப்பக்கம் இருக்கச் சொன்னார்.

"இஞ்சேரும், மானம் இல்லை. கலியாணம் முடிச்ச காலந்தொட்டு நான் ஒரு முழு நித்திரை கொள்ளேல்லை. நீங்கள் எல்லாரும் கொண்டியள், நான் கேட்டுக்கொண்டு கிடந்தனான். இஞ்சை வந்தும் விடேல்லை. பிளேன் வந்தால் கேப்பன், பட்டாசு வெடிச்சால் கேப்பன், லொறிக்காரன் கதவை அடிச்சுச் சாத்தினால் கேப்பன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சுது. கர்த்தர் என்னை ட்யூட்டியால இறக்கிவிட்டிட்டார் எண்டு நினைச்சன்."

இத்தனை காலம் ஒரே கட்டிலில் படுத்தும் எனக்கு இது தெரியாது. நான் நித்திரை கொண்டேன் அல்லவா, எப்படித் தெரியும். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படியென்றால் ஏன் ஒவ்வொரு நாளும் இந்தச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அடுத்த ஷிப்டுக்கு ஆர் வாறான் எண்டு பாக்கிறன்" என்றார். "மாத்த வாற ஆள் வந்து சேரும் வரைக்கும் பழைய ஆள் இடத்தை விட்டுப் போகேலாது."

பெற்றோல் ஷெட்டில் படித்த பாடம் அது. அதன் பிறகு அந்த விவாதத்தை நானும் அவரோடு இருந்து பார்த்தேன். எனக்கு விளங்காத ஆங்கிலம்தான், ஆனால் எச்சரிக்கைப் பிரிவு வந்த அன்று அடுப்பை நிறுத்திவிட்டு வந்து இருந்தேன். அரசாங்கம் சனத்துக்கு எச்சரிக்கை கொடுத்தே ஆகவேண்டும் என்று எழுதச் சொல்லி ஒரு உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்தார். ஆனமட்டும் வாதாடினார். நாட்டுப் பாதுகாப்பில் கையைக் கட்டிப்போட முடியாது, நேரத்துக்கு ஏற்றபடி அமைச்சர் தீர்மானிப்பார் என்றது அரசாங்கம். வாக்கெடுத்தார்கள். திருத்தம் தோற்றது. எச்சரிக்கை கொடுக்கலாம் என்ற பழைய வசனமே நின்றது.

இவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். முகம் களைத்துப்போயிருந்தது.

"வாறன் எண்டு சொல்லேல்லை. வந்தாலும் வருவன் எண்டு சொல்லுறான்" என்றார்.

மறுநாள் தானாகவே சப்பாத்தை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, சோதித்து, இரண்டு காதுக்கும் மொச்சைக்கொட்டை அளவில் ஒவ்வொரு மெஷின் கொடுத்தார்கள். கொளுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், நான் குசினியில் வெங்காயம் வெட்டுகிற சத்தத்துக்கு முகத்தைச் சுளித்தார். ஃபிரிஜ் உறுமுகிறது என்றார். நீர் வாய்க்குள்ள கதைக்கிறேல்லைத்தான் என்றும் ஒப்புக்கொண்டார். மகள் வந்து, பின்னால் நின்று மெல்ல "அப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். திரும்பினார். அவள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, திங்கட்கிழமை பிள்ளையை நீங்களே கூட்டிவாங்கோ அப்பா என்றாள்.

நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். பட்டேன்தான். ஆனால் அன்றிலிருந்து அவருடைய கழுத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். வீட்டுக்கு மேலால் ஹீத்ரோவுக்கு இறங்குகிற பிளேன்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் போகும். எனக்கு அவை சுவர் மணிக்கூடு மாதிரி, கேட்பதேயில்லை. எனக்குக் கேட்பதற்கு வெகுநேரம் முன்னே அவருடைய கழுத்து யன்னல் பக்கம் திரும்பியது, பழையபடி. நித்திரை நல்லாய் வருகிறதா என்று கேட்டால், வருது வருது என்பார். கண்ணின் கீழே கறுத்திருந்தது.

சட்டம் மூன்றாம் வாசிப்பும் முடிந்து பிரபுக்கள் சபைக்குப் போன வாரத்தில், எனக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கம் மரக்கறி வாங்க வேண்டியிருந்தது. நானும் வாறன் என்றேன். வேண்டாம், மழை வரும், முழங்கால் நோகும் என்று ஆயிரம் சாட்டுச் சொன்னார். வானம் பளிச்சென்று இருந்தது. கேளாதவள்போல அவரோடு நடந்தேன். எங்கள் வீட்டில் அந்தக் கலையும் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை.

பேத்தி ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மரக்கறிப் பையோடு பின்னால் வந்தேன். தெருவைக் கடக்கும்போது இவர் இரண்டு பக்கமும் பார்த்து, நின்று, கேட்டு, பிள்ளையைப் பத்திரமாய்க் கொண்டுபோனார். மகள் கண்டிருந்தால் மனம் குளிர்ந்திருப்பாள். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

மற்றப் பக்கத்து நடைபாதையில் ஏறியதும் இவருடைய கழுத்து திரும்பியது. எனக்கு இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் எதுவும் சொல்லாமல் பேத்தியின் தலையில் கையை வைத்தார். அமத்தவில்லை, வைத்தார், அவ்வளவுதான். பிள்ளை உடனே புத்தகப் பையோடு நடைபாதையில் குந்தி, தலையைக் குனிந்து, வாயை ஆவென்று திறந்தாள். அதற்குப் பிறகுதான் கூரைகளுக்கு மேலால் பிளேன் வந்தது. இறங்குவதற்குச் சில்லுகளை நீட்டிக்கொண்டு எங்களுக்கு மேலால் போனது. போன பிறகு அவர் கையை எடுத்தார். பிள்ளை எழும்பி, சட்டையைத் தட்டிவிட்டு, சிரித்தாள். அவளுக்கு அது நல்ல பழக்கப்பட்ட விளையாட்டு.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளுக்குச் சொல்வதா, சொன்னால் இந்த நடையும் போய்விடுமே, சொல்லாவிட்டால் பிள்ளையின் கழுத்தும் அப்படித் திரும்பத் தொடங்கிவிடுமே என்று யோசித்தேன். அதற்குள் அவருடைய கை திரும்பவும் பிள்ளையின் தலைக்குப் போனது. பிள்ளை குந்தினாள். குந்தியிருந்தபடி என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மம்மா, நீங்க குனியேல்லை" என்றாள். "நீங்க அவுட்."

நான் மரக்கறிப் பையை நிலத்தில் வைத்தேன்.